பிகேஜி எர்ரர்ஸை எடுத்துவிட்டு கோ மொழியின் சொந்த வசதிக்கு மாறியபோது

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் புடவைக் கடைகள், மசாலா மொத்த வியாபாரிகள், பாத்திரக் கடைகள் இவர்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்னக் குழு எங்களுடையது. பில் போடுவது, டூயிட்நவ் கியூஆரில் வந்த பணத்தை அந்தந்தப் பில்லோடு சேர்ப்பது, இ-இன்வாய்ஸை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸுக்கு அனுப்புவது, வேலை இவ்வளவுதான். சர்வர் பக்கம் முழுக்க கோ மொழி. ஆரம்பித்த காலத்தில் கோ எழுதிய பலரையும் போல நாங்களும் பிழைகளைக் கையாள பிகேஜி எர்ரர்ஸ் லைப்ரரியைப் போட்டுவிட்டோம். அதை எடுத்துவிட்டு, மொழியோடு வரும் எர்ரர்ஸ், எஃப்எம்டி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது, "தேடி மாற்றினால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்" என்றுதான் குழுவில் பேச்சு. அப்படி முடியவில்லை. ஏன் முடியவில்லை, எந்த வரிசையில் செய்தால் அடி குறைவாக விழும் என்பதை எழுதி வைக்கிறேன். கோ கொஞ்சமாவது எழுதியவர்களுக்கான பதிவு இது.

அந்த லைப்ரரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டேவ் செனி எழுதியது. அந்தக் காலத்தில் ஒரு பிழையோடு கூடுதல் விவரம் சேர்க்க வேண்டுமென்றால், எர்ரர்எஃப் போட்டு எழுத்தாக ஒட்டுவதுதான் மொழி தந்த வழி. ஒட்டிய கணமே உள்ளே இருந்த மூலப் பிழை வெறும் எழுத்தாகிவிடும். பதிவு இல்லாததால் வந்ததா, தரவுத்தள இணைப்பு அறுந்ததால் வந்ததா என்று நிரல் திரும்பக் கேட்க முடியாது. பிகேஜி எர்ரர்ஸின் ராப், மூலப் பிழையை அப்படியே உள்ளே வைத்து மேலே ஓர் உறை போட்டது. காஸ், அந்த உறைகளை எல்லாம் உரித்து அடியில் இருப்பதைக் கையில் கொடுத்தது. கூடவே ஸ்டாக் டிரேஸ், அதாவது பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற தடம். 2019 செப்டம்பரில் வந்த கோ 1.13 இதில் பெரும்பகுதியை மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது: எர்ரர்எஃப்பில் உறை போட %டபிள்யூ, எர்ரர்ஸ் பேக்கேஜில் குறிப்பிட்ட பிழையைத் தேட இஸ், பிழை வகையைத் தேட ஆஸ், ஓர் உறையை உரிக்க அன்ராப். பிகேஜி எர்ரர்ஸ் 2020 ஜனவரியில் 0.9.1 வெளியிட்டதோடு நின்றது. 1.0 வரவே இல்லை. 2021 டிசம்பரில் கிட்ஹப் களஞ்சியமும் படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டது.

பூட்டியது மட்டும்தான் காரணம் என்றால் நான் தொட்டிருக்க மாட்டேன். சின்ன லைப்ரரி, வேறு எதையும் சார்ந்தது இல்லை, இன்றைக்கும் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. ஆர்கைவ் ஆகிவிட்டது, உடனே எடு என்று பதறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்குத் தலைவலி வேறு இடத்திலிருந்து வந்தது. பழையவர்கள் ராப் எழுதிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கோ படித்ததே 1.13-க்குப் பிறகு, அவர்கள் கை தானாக %டபிள்யூ எழுதும். ஒரே கோப்பில் மேலே அது, கீழே இது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முழுதாகப் புரிந்துகொள்வதில்லை.

இ-இன்வாய்ஸ் வந்த பிறகு இதைத் தள்ளிப்போட முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 1-ல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலை 1-ல் 5 மில்லியனுக்கு மேல் 25 மில்லியன் வரை உள்ளவர்கள் முறை வந்தது. எங்கள் மொத்த வியாபாரிகள் சிலர் அதில்தான் வந்தார்கள். சாதாரணப் பில்லில் பிழை வந்தால் கடைக்காரர் இன்னொரு தடவை பொத்தானை அழுத்துவார், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. வாங்குபவரின் வரி எண் தவறு என்றால் கடைக்காரர் திருத்த வேண்டும். நேரம் கடந்துபோனது என்றால் நாங்களே மறுபடி முயல வேண்டும். 429 (அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்) வந்தால் சற்றுப் பொறுக்க வேண்டும். எங்கள் நிரலிலேயே கோளாறு என்றால் யாருக்கும் மறுபடி அனுப்பக் கூடாது. ஒரே விற்பனைக்கு இரண்டு இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்டுவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஒன்றை ரத்து செய்தாக வேண்டும், விட்டால் கிரெடிட் நோட் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இத்தனை முடிவும், மேலே வந்து சேரும் பிழை இன்னது என்று நிரல் சரியாக அடையாளம் காண்பதில்தான் தொங்குகிறது.

முதலில் படிக்கும் பக்கம்

புது வாடிக்கையாளருக்குப் பில் போடும்போது அவருடைய வரி அடையாள எண் எங்களிடம் இல்லையென்றால், திரையில் "வரி எண்ணை நிரப்பவும்" என்று வர வேண்டும். அதற்கான நிரல் ரொம்ப நாளாக ஒரே மாதிரிதான். தரவு அடுக்கு, எஸ்க்யூஎல் பேக்கேஜின் எர்நோரோஸ் (தேடிய பதிவு இல்லை) பிழையை ராப் செய்து மேலே அனுப்பும். மேலே உள்ள ஹேண்ட்லர் காஸ் போட்டு உரித்து, கிடைத்தது எர்நோரோஸ்தானா என்று இரட்டைச் சமன்குறியால் ஒப்பிடும். குழுவில் ஒரு தம்பி தரவு அடுக்கில் வேறு ஏதோ வேலையாகப் போனவர், கண்ணில் பட்ட ராப்பை நல்லெண்ணத்தோடு %டபிள்யூ ஆக்கிவிட்டு வந்தார். கம்பைல் ஆனது. டெஸ்ட் எல்லாம் பச்சை. ஸ்டேஜிங்கில் சோதித்துப் பார்க்கும் அக்காதான் கூப்பிட்டார்: "தம்பி, புது கஸ்டமர் போட்டா வரி நம்பர் கேக்கவே மாட்டேங்குது, சர்வர் கோளாறுன்னு வருது."

நடந்தது இதுதான். காஸ் ஃபங்ஷன், ஒவ்வோர் உறையிலும் காஸ் என்ற பெயரில் ஒரு மெத்தட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உரிக்கும். எர்ரர்எஃப் போடும் உறையில் இருப்பது அன்ராப் மட்டும். ஆகவே முதல் %டபிள்யூ உறையைக் கண்டதும் இதுதான் அடி என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஒப்பீடு பொய்யாகும், 404 (இல்லை) ஆக வேண்டியது 500 (சர்வர் கோளாறு) ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை என்றால், ஹேண்ட்லர் டெஸ்டில் இருந்த போலித் தரவு அடுக்கு எர்நோரோஸை உறையே போடாமல் அப்படியே திருப்பிக்கொண்டிருந்தது. உறையோடு வரும் பிழையைக் கொடுத்துப் பார்க்காத டெஸ்ட் இந்த வேலையில் உங்களைக் காப்பாற்றாது. மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே போலி அடுக்குகள் எல்லாவற்றையும், நிஜ அடுக்கு செய்வதுபோல ஓர் உறை போட்டுத் திருப்பும்படி திருத்திவிடுங்கள்.

இதன் மறுபக்கம் நல்ல செய்தி. பிகேஜி எர்ரர்ஸ் 0.9.0-லிருந்து அதன் உறைகளுக்கும் அன்ராப் மெத்தட் இருக்கிறது. அதாவது மொழியின் சொந்த இஸ், ஆஸ் இரண்டும் பழைய உறை, புது உறை எதுவானாலும் உரித்துக்கொண்டு உள்ளே போகும். பழைய காஸுக்குப் புது உறை புரியாது, புது இஸுக்கு இரண்டும் புரியும். வேலையின் வரிசை இதிலிருந்தே கிடைத்துவிட்டது. பிழையைப் படிக்கும் இடங்களை முதலில் மாற்ற வேண்டும், பிழைக்கு உறை போடும் இடங்களை அப்புறம். லைப்ரரியை 0.9.1-க்கு ஏற்றிவிட்டு, காஸ் என்று வரும் எல்லா இடத்தையும் இஸ் அல்லது ஆஸ் ஆக்கி, அதை மட்டும் தனியாக வெளியிட்டோம். ஒரு ராப்பைக்கூடத் தொடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைகளில் ஓடும் நிரலில் கை வைப்பதில்லை என்பது எங்களிடம் எழுதாத சட்டம். முதல் கட்டத்தை அதற்கு முன்பே அனுப்பிவிட்டதால் தீபாவளிக் கூட்டம் முழுக்க அது ஓடிப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு ராப்பை எந்தப் பேக்கேஜில் முதலில் மாற்றினாலும் சரி, ஒன்றும் உடையாது என்ற நிம்மதி இருந்தது.

காஸ் என்று தேடினால் எல்லாம் கிடைத்துவிடாது. காஸ் இல்லாமல் நேராக இரட்டைச் சமன்குறி போட்ட இடங்கள் உண்டு, பிழையை வைத்து எழுதிய சுவிட்ச் உண்டு, டைப் அசர்ஷன் உண்டு. அந்தப் பாதையில் இதுவரை யாரும் உறை போடாததால் அவை பிழைத்துக் கிடக்கின்றன. ஓஎஸ் பேக்கேஜின் இஸ்நாட்எக்சிஸ்ட் இப்படி ஒன்று. பெயரைப் பார்த்தால் நவீனமாக இருக்கும், ஆனால் இஸ் வருவதற்கு முந்தையது, %டபிள்யூ உறையை உரிக்காது. அந்த இடத்தில் எர்ரர்ஸ்.இஸ் போட்டு எஃப்எஸ் பேக்கேஜின் எர்நாட்எக்சிஸ்டோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் தேடுவதைவிட, நிரலைச் சோதிக்கும் கோலாங்சிஐ-லின்ட் கருவியில் இருக்கும் எர்ரர்லின்ட்டை ஓடவிடுவது நல்லது. இந்த மூன்று வகையையும் அது வரிசையாகக் காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்று. காஸும் இஸும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. காஸ், அடியில் கிடைத்ததைக் கொடுக்கும். இஸ், சங்கிலியில் எங்கேயாவது இது இருக்கிறதா என்று பார்க்கும். எங்களுக்கு வித்தியாசம் தெரிந்த இடம், வெளியே அனுப்பும் எச்டிடிபி அழைப்பு. கான்டெக்ஸ்டில் வைத்த நேரம் முடிந்துவிட்டால், கிளையன்ட் திருப்புவது யூஆர்எல்.எர்ரர் என்ற உறை, அதற்குள்ளே கான்டெக்ஸ்டின் டெட்லைன்எக்சீடட். யூஆர்எல்.எர்ரருக்குக் காஸ் மெத்தட் இல்லை, ஆகவே பழைய நிரல் அங்கேயே நின்று அதைத் தெரியாத பிழை என்று ஒதுக்கிவந்தது. இஸ் போட்டதும் உள்ளே போய் நேரம் கடந்ததைக் கண்டுகொண்டது. இது முன்னேற்றம்தான். ஆனால் நடத்தை மாறுகிறது: இதுவரை மறுமுயற்சி நடக்காத இடத்தில் இனி நடக்கும். நேரம் கடந்தது என்றால் எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை, வாங்கிக்கொண்டு பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். அதனால் மறுபடி அனுப்புவதற்கு முன் அந்த எண்ணில் ஏற்கெனவே ஏதும் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் படியை அங்கே சேர்த்தோம். பிழை கையாளுதலை மட்டும்தான் மாற்றுகிறோம், வேறெதுவும் மாறாது என்று மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆஸ் பற்றிச் சுருக்கமாக. இரண்டாவது ஆர்கியுமென்ட், நீங்கள் தேடும் வகையில் அறிவித்த மாறிக்கான பாயின்டர். பிழை வகையே பாயின்டர் என்றால் பாயின்டருக்குப் பாயின்டர். இதில் தடுமாறினால் சில தடுமாற்றங்களை மொழியோடு வரும் சோதனைக் கருவியான கோ வெட் பிடித்துவிடும். பிடிக்காதது ஒன்று உண்டு: எர்ரர் மெத்தடை மதிப்பின் மேல் எழுதியிருந்தால் மதிப்பும் பிழைதான், அதன் பாயின்டரும் பிழைதான். ஓர் இடத்தில் பாயின்டராகத் திருப்பி, இன்னோர் இடத்தில் மதிப்பாகத் தேடினால் ஆஸ் சத்தமில்லாமல் இல்லை என்று சொல்லிவிடும். எங்கள் சொந்தப் பிழை வகைகள் எல்லாவற்றுக்கும் எர்ரர் மெத்தடைப் பாயின்டரின் மேல் மாற்றி எழுதிவிட்டோம். தப்பாக எழுதினால் இப்போது கம்பைலரோ வெட்டோ கத்தும்.

அப்புறம் உறை போடும் பக்கம்

ராப்பை எர்ரர்எஃப் ஆக்கும் வேலையை இயந்திரம் செய்யும் என்று தோன்றும். கோஎஃப்எம்டிக்கு ஆர் என்ற கொடி உண்டு, ஒரு வடிவத்தைக் கொடுத்து இன்னொரு வடிவமாக மாற்றச் சொல்லலாம். நாங்களும் அதைத்தான் ஓட்டினோம். பெரும்பாலான இடங்கள் சரியாக மாறின. ராப்பில் செய்தி வெறும் எழுத்து, எர்ரர்எஃப்பில் அது ஃபார்மட். "10% தள்ளுபடி கணக்கு" என்று எங்கோ எழுதியிருந்த செய்தி உடைந்தது, வெட் உடனே காட்டியது. இதெல்லாம் சில்லறை.

பெரிய விஷயம் நில், அதாவது பிழை எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் வெற்று மதிப்பு. பிகேஜி எர்ரர்ஸின் ராப்புக்கு நில் கொடுத்தால் நில்லையே திருப்பும். எர்ரர்எஃப்புக்கு நில் கொடுத்தால் ஒரு புத்தம்புதுப் பிழையைச் செய்து கொடுக்கும். இதை ஆவணத்தில் படித்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். நிரலில் அது எங்கெல்லாம் பதுங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். ரசீதுக் கோப்பை எழுதி முடித்ததும் கோப்பை மூடி, மூடியதன் விளைவை ராப் செய்து ஒரே வரியில் திருப்பியிருப்போம். தரவுத்தள வரிசைகளைப் படித்து முடித்ததும் ரோஸ்.எர் முடிவை அப்படியே ராப் செய்து திருப்பியிருப்போம். ஃபங்ஷனின் தலையிலேயே ஒரு டிஃபர் (ஃபங்ஷன் முடியும்போது ஓடுவது) போட்டு, வெளியே போகும் எந்தப் பிழையானாலும் அதற்கு ஓர் உறை என்று வைத்திருப்போம். எல்லாமே நில் வந்தால் நில் போகும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. இயந்திர மாற்றத்துக்குப் பிறகு வெற்றிகரமாக முடிந்த வேலை எல்லாம் பிழையோடு திரும்பும். சோதனைக் கிளையில் முதல் ஓட்டத்திலேயே லாக் நிறைய இந்த வரி: "ரசீதுக் கோப்பை மூடுதல்: %!டபிள்யூ(<நில்>)". இந்த வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாகில் ஆச்சரியக்குறியோடு டபிள்யூவும் பக்கத்தில் நில்லும் வந்தால், இல்லாத பிழைக்கு யாரோ உறை போட்டிருக்கிறார்கள்.

அதனால் இயந்திரத்தை ஒரு வடிவத்துக்கு மட்டும் அனுமதித்தோம்: பிழை நில் இல்லை என்று சோதித்த இஃப்புக்குள்ளே இருக்கும் ராப். மற்றதெல்லாம் கையால், ஒவ்வொன்றாக.

அப்படிக் கையால் பார்த்துக்கொண்டு போனபோதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் வந்தது. இன்வாய்ஸை அனுப்பும் ஃபங்ஷன். அழைப்பு போய் வந்ததும் முதலில் பிழை நில்லா என்று சோதிக்கிறது, நில்தான், தாண்டிப் போகிறது. அடுத்து, பதிலின் நிலை எண் 202 (ஏற்கப்பட்டது) இல்லையென்றால் "சமர்ப்பிப்பு ஏற்கப்படவில்லை" என்று ராப் செய்து திருப்புகிறது. எதை ராப் செய்கிறது? மேலே நில் என்று சோதித்த அதே மாறியை. நில்லை ராப் செய்தால் நில். ஏற்கப்படவில்லை என்று கண்டுபிடித்த அதே வரியில், எல்லாம் நலம் என்று மேலே சொல்லி அனுப்பியிருக்கிறது. அந்தக் கிளையில் எர்ரர்எஃப் போட்டதும் நில் என்று முறைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்தப் பாதை வழியாக உண்மையில் எந்த இன்வாய்ஸாவது தொலைந்ததா என்று பழைய பதிவுகளைச் சலித்துப் பார்த்தோம், நல்லவேளை, நிலை எண் தவறான பதில்கள் அதற்கு முன்பே இருந்த வேறொரு சோதனையில் மாட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் இந்த வகைப் பிழையை ரிவியூவில் கண்ணால் பிடிப்பது மிகக் கடினம். உங்கள் நிரலில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: இஃபின் நிபந்தனையில் பிழை மாறி இல்லாமல் வேறு ஏதோ இருந்து, உள்ளே அந்த மாறியை ராப் செய்யும் இடங்களைத் தேடுங்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் குழுவில் நடந்த ஒரு வாதம் முடிவுக்கு வந்தது. "அண்ணே, நில் வந்தா நில் திருப்புற மாதிரி நாமளே ஒரு சின்ன ராப் எழுதிக்கலாமே, நாலு வரிதானே" என்றார் தம்பி. நியாயமான யோசனை. மாற்றம் வேகமாகவும் முடிந்திருக்கும். ஆனால் நில்லை விழுங்கும் அந்தக் குணம்தான் 202 சோதனையை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது. லைப்ரரியை வெளியே அனுப்பிவிட்டு அதன் குணத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதில் எனக்கு இஷ்டமில்லை. கூடுதலாக ஓர் இஃப் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இஃப் எழுதிக் கை வலிக்கிறது, மொழி மாறட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. பிழை கையாளுதலுக்குப் புதிய தொடரமைப்பு எதையும் இப்போதைக்குத் தேடப்போவதில்லை என்று கோ குழுவே 2025 ஜூனில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

கோப்பை மூடும் இடங்களுக்கு மட்டும் அழகான வழி ஒன்று கிடைத்தது. கோ 1.20-ல் வந்த எர்ரர்ஸ்.ஜாயின், தனக்குக் கொடுத்தவற்றில் நில்களைத் தள்ளிவிடும், எல்லாமே நில் என்றால் நில்லையே திருப்பும். டிஃபருக்குள் ஏற்கெனவே இருக்கும் பிழையையும் மூடியதன் விளைவையும் ஜாயின் செய்துவிட்டால் போதும். மைஇன்வாய்ஸுக்கு ஒரு சமர்ப்பிப்பில் 100 ஆவணங்கள் வரை அனுப்பலாம், சில ஏற்கப்படும், சில நிராகரிக்கப்படும். நிராகரிக்கப்பட்டவற்றின் பிழைகளைச் சேர்த்துத் திருப்பவும் ஜாயின்தான். இஸ், ஆஸ் இரண்டும் சேர்த்த எல்லாப் பிழைகளுக்குள்ளும் தேடும். ஆனால் எர்ரர்ஸ்.அன்ராப் கொடுத்தால் நில்தான் வரும், அது பட்டியலைப் பிரிக்காது. அடுத்தது, ஜாயின் செய்த பிழையின் செய்தி வரிக்கு ஒன்றாக வரும். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி என்று இருக்கும் லாகில் அது அசிங்கமாகச் சிதறும். கோவின் லாக் பேக்கேஜான எஸ்லாக்கின் ஜேசான் வடிவத்துக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை போயிற்று.

எதை வெளியே காட்டுவது

ராப் இருந்த இடமெல்லாம் %டபிள்யூ போட வேண்டும் என்று சட்டமில்லை. %டபிள்யூ போட்டால், உள்ளே இருக்கும் பிழையை மேலே இருப்பவர் யார் வேண்டுமானாலும் இஸ் போட்டுப் பார்க்கலாம், அதை நம்பி நிரல் எழுதலாம். %வி போட்டால் செய்தி மட்டும் போகும், அடையாளம் போகாது. எங்கள் ஹேண்ட்லர்கள் எஸ்க்யூஎல்லின் எர்நோரோஸை நேரடியாகத் தேடிக்கொண்டிருந்ததே முதலில் தப்பு. நாளைக்கு வாங்குபவர் விவரம் தரவுத்தளத்துக்குப் பதில் தற்காலிகச் சேமிப்பிலிருந்து (கேஷ்) வந்தால் அப்போது எர்நோரோஸ் எங்கிருந்து வரும்? அதனால் தரவு அடுக்கின் வாசலில், "வாங்குபவர் இல்லை" என்ற எங்கள் சொந்தப் பிழைக்கு %டபிள்யூ, உள்ளே இருந்த எஸ்க்யூஎல் பிழைக்கு %வி என்று எழுதினோம். ஹேண்ட்லருக்கு எங்கள் பிழை மட்டும் தெரியும், லாக் பார்க்கிறவருக்கு இரண்டும் தெரியும். இரண்டையுமே காட்ட வேண்டிய இடம் இருந்தால், ஒரே எர்ரர்எஃப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட %டபிள்யூ போடலாம், அதுவும் 1.20-லிருந்துதான். பேக்கேஜின் உள்ளுக்குள்ளே நடக்கும் பரிமாற்றத்துக்கு %டபிள்யூ, வாசலில் யோசித்துப் போடு என்பது எங்கள் வழக்கம். எர்ரர்லின்ட் சில அமைப்புகளில் %வி போட்டதற்கும் முணுமுணுக்கும், அந்த ஒரு விதியை நாங்கள் அணைத்து வைத்திருக்கிறோம்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: ஸ்டாக் டிரேஸ் போய்விடுமே? போய்விடும். கோவின் எர்ரர்எஃப் எந்த வரியில் பிழை பிறந்தது என்று பதிந்துவைப்பதில்லை. 1.13-க்கு முந்தைய வரைவில் அந்த எண்ணம் இருந்தது, எக்ஸ்எர்ரர்ஸ் பேக்கேஜில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம், மொழிக்குள் வந்தபோது விட்டுவிட்டார்கள். நாங்கள் பயந்த அளவுக்கு இழப்பு இல்லை. பிகேஜி எர்ரர்ஸ் ஒவ்வொரு ராப்புக்கும் ஸ்டாக்கைப் புதிதாகப் பதியும். ஐந்து அடுக்கில் ஐந்து ராப் என்றால் %+வி போட்டு அச்சிடும்போது கிட்டத்தட்ட ஒரே ஸ்டாக் ஐந்து தடவை வரும். பேக்கேஜ் அளவில் வர் என்று அறிவித்த பிழைகளுக்கோ நிரல் தொடங்கிய கணத்தின் ஸ்டாக்தான் பதிந்திருக்கும், அதனால் யாருக்கும் பயனில்லை. இரவில் அழைப்பு வந்து லாகைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடும், வேண்டிய வரி அதற்குள் எங்கோ இருக்கும்.

அதற்குப் பதிலாகச் செய்திகளை ஒழுங்காக எழுதத் தொடங்கினோம். ஒவ்வோர் உறையும் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும், கூடவே எந்தப் பில், எந்தக் கடை என்ற எண். "தோல்வி", "முடியவில்லை" என்று எந்த அடுக்கும் எழுதக் கூடாது, பிழை என்றாலே அதுதானே. "இன்வாய்ஸ் சமர்ப்பித்தல் கடை 41: வாங்குபவர் விவரம்: தரவுத்தளத் தேடல்: நேரம் கடந்தது" என்று இடமிருந்து வலமாகப் படித்தால் பாதை தெரியும். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்பதை மட்டும் ரிவியூவில் கறாராகப் பார்க்கிறோம், தேடினால் ஒரே ஒரு வரி கிடைக்க வேண்டும். பிழையை லாக் செய்வது ஹேண்ட்லரில் ஒரே ஒரு தடவை, மற்ற அடுக்குகள் திருப்பி அனுப்ப மட்டும். உண்மையிலேயே ஸ்டாக் வேண்டிய இடம் பேனிக், அதாவது நிரல் திடீரென நிலைகுலையும் இடம். அதை ரிகவர் செய்யும் மிடில்வேரில் ரன்டைம்/டீபக் பேக்கேஜின் ஸ்டாக்கை எடுத்து எழுதிவிடுகிறோம்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு, முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. பிழைகளைச் சேகரித்து வகைப்படுத்தும் வெளிச் சேவை எதையாவது பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது பிகேஜி எர்ரர்ஸின் ஸ்டாக்கை வைத்துத்தான் பிழைகளைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். ஸ்டாக் இல்லாமல் போனதும், எங்களுக்கு வரி எண் பிழையும் நேரம் கடந்த பிழையும் அச்சுப்பொறிப் பிழையும் ஒரே குவியலாக, அனுப்பிவைத்த மிடில்வேரின் வரி எண்ணோடு வந்து விழுந்தன. வகை என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் எஃப்எம்டி.ராப்எர்ரர். எங்கள் சொந்தப் பிழைகளுக்கு ஒரு குறியீடு வைத்து, ஆஸ் போட்டு அதை எடுத்து, எதை வைத்துக் குழுவாக்க வேண்டும் என்று நாங்களே சொல்லி அனுப்பும்படி மாற்றிய பிறகுதான் அது சீரானது. ராப்புகளை மாற்றத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு கோப்பிலும் கடைசி ராப் போனதும் இம்போர்ட் வரியை மாற்ற வேண்டும். இரண்டு பேக்கேஜுக்கும் எர்ரர்ஸ் என்றே பெயர் என்பதால் இது சுலபம். நியூ, இஸ், ஆஸ் எல்லாம் அப்படியே ஓடும், மிச்சமிருக்கும் ராப், ராப்எஃப், வித்மெசேஜ், எர்ரர்ஸ்.எர்ரர்எஃப் இவை மட்டும் கம்பைல் ஆகாமல் நிற்கும். விடுபட்டதைக் கம்பைலரே பட்டியல் போட்டுத் தந்துவிடும். எல்லாம் முடிந்ததும், எந்தப் பேக்கேஜை இம்போர்ட் செய்யலாம் என்று பார்க்கும் டெப்கார்டில் பிகேஜி எர்ரர்ஸை விலக்கப்பட்டது என்று சேர்த்தோம், இனி பழக்கதோஷத்தில் எடிட்டர் தானாக இம்போர்ட் செய்தாலும் புல் ரிக்வெஸ்டிலேயே நின்றுவிடும். கோ மாட் டைடி போட்ட பிறகும் கோ.மாட் கோப்பில் பிகேஜி எர்ரர்ஸ் மறைமுகச் சார்பு என்ற குறிப்போடு இருந்தது. கோ மாட் வை கேட்டால் பிடிஎஃப் செய்யும் ஒரு லைப்ரரியின் பெயரைக் காட்டியது. அது அவர்கள் வீட்டு விவகாரம். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டோம். அந்த லைப்ரரி திருப்பும் பிழைகளையும் இஸ் உரித்துப் பார்த்துவிடுகிறது.